குற்றாலத்துப் பூச்சிகளுக்குக் கிழமை தெரியும்

1

குற்றாலத்தில் தண்ணீர்மேல் நடக்கும் பூச்சிகளுக்கு இன்றைக்குச் செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று தெரியும். பஞ்சாங்கம் பார்க்காமல், யாரையும் கேட்காமல் தெரியும். உலகத்திலேயே இதை முதலில் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததோடு விட்டேனா? 1936-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைப் பிடித்து, அந்தப் பூச்சிகளுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமையாக மாற்றியும் காட்டினேன். கல்கத்தாவில் அச்சடித்தார்கள்.

நம்ப மாட்டீர்கள். வேண்டாம். உங்களை நம்ப வைப்பது என் நோக்கமே இல்லை. இந்தக் கதை ஒரே ஒரு ஆளை ஒத்துக்கொள்ள வைப்பதற்காக எழுதப்படுகிறது. அந்த ஆள் பெயர் தாணுமாலயன். ஊர் தென்காசி. விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அச்சேறிய கட்டுரைகள் நாற்பத்திரண்டு. என்னுடையது ஒன்று.

கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. என் இலையில் ரசம் விழுந்துகொண்டிருந்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தாணுமாலயன், பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டி, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"இவரு ஆயுசுக்கும் ஒரே ஒரு கட்டுரைதான் எழுதினாரு. ஆனா ஒண்ணு, திருநெல்வேலி ஜில்லாவுல அத மிஞ்சின கற்பனைக் கதை இன்னும் வரல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என் மருமகப்பிள்ளை கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்; ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து யோசித்தேன். கதை என்றா சொன்னாய்? நல்லது. கதையாகவே எழுதிவிடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஆராய்ச்சிச் சஞ்சிகைக்காரர்கள் கட்டுரையை அச்சிடுமுன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் அனுப்பி, சரியா தப்பா என்று கேட்பார்கள். பரிசீலகர் என்று பெயர். என் கதைக்குப் பரிசீலகன் தாணுமாலயன்தான். எழுத எழுத ஒவ்வொரு பகுதியையும் தபாலில் அவனுக்கு அனுப்புவேன். அவன் ஓரத்தில் என்ன எழுதினாலும் அதைப் பகர அடைப்புக்குள் அப்படியே போடுவேன்.

அவன் பதில் கார்டு எழுதினான்: "அனுப்பும். சிவப்பு மை வாங்கி வைத்திருக்கிறேன்."

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "திரிகூட மலையின் உச்சியிலிருந்து மேகங்கள் மெல்ல இறங்கி..." இதை இங்கேயே விட்டுவிட்டேன். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மேகத்தை இறக்குகிறார்கள். ஒரு ஆளாவது அதைத் திரும்ப ஏற்றிவிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது: "குத்தாலிங்கம் என்னும் அந்த வாலிபன், பரந்த மார்பும் கூரிய பார்வையும்..." குத்தாலிங்கம் நான்தான். [தா: மார்பு முப்பத்தோரு அங்குலம். போலீஸ்காரர் அளந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.]

மூன்றாவது: "விஞ்ஞானம் என்பது..." இந்த வாக்கியத்தை நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்திலும் தொடங்கினேன். அன்றைக்கும் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

எனவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

நான் எண்ணிய பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளத்தோரம், ஆற்றோரம், தண்ணீர்மேல் நீளக் காலை ஊன்றி, மூழ்காமல், நனையாமல், வழுக்கி வழுக்கி ஓடும். விஞ்ஞானப் பெயரைச் சொன்னால் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், சொல்லவில்லை.

எனக்கு ஊர் இலஞ்சி. அப்போது வயது இருபத்தைந்து. சென்னையில் ஆராய்ச்சி மாணவன். எங்கள் பேராசிரியர், "உன் ஊர்ப் பக்கம் அருவி இருக்கிறதே, ஓடும் தண்ணீரில் இந்தப் பூச்சி எப்படிப் பிழைக்கிறது என்று பார்" என்று அனுப்பினார். 1935 சாரலில், பேரருவிக்குச் சற்றுக் கீழே, உள்ளூர்க்காரர்கள் இறங்கிக் குளிக்கும் ஓரத்தில், பாறைக்கு நடுவே தேங்கிய ஒரு குட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். இலஞ்சி ஆசாரி ஒருவர் செய்துகொடுத்த மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தி, கட்டம் கட்டமாக, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணினேன். ஒன்பது வாரம். தினமும் பதினோராயிரம் பூச்சிகள்.

[தா: நூற்றிருபது. மிஞ்சினால் நூற்று முப்பது. அதற்கு மேல் அந்தக் குட்டத்தில் இடம் கிடையாது.]

சரி, நூற்று முப்பது. ஆனால் ஒன்றாவது ஒரு இடத்தில் நிற்குமா? ஓடுகிற நூற்று முப்பதை எண்ணுவது, நிற்கிற பதினோராயிரத்தை எண்ணுவதற்குச் சமம். (இந்தக் கணக்கைப் பரிசீலகர் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.)

சாரலில் மை கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதுவேன். நோட்டு நனைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவாள். என் ஆராய்ச்சிக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் புகை போட்டுப் பழுக்க வைத்த வாழைத்தார் வாசம். இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கிவிடும்.

அப்பா சிவனணைந்தபெருமாள் நெல் விளைவிக்கிறவர். அவருக்கு என் வேலை விளங்கவே இல்லை.

"பூச்சிய எண்ணுததுக்கு யுனிவர்சிட்டி சம்பளம் குடுக்கு. நெல்ல வெளைய வைக்கிறவன எவனும் கேக்க மாட்டேங்கான். ஏலே, எண்ணி முடிச்சப்பெறவு அந்தப் பூச்சிய என்ன செய்வ?"

"விட்டுருவேன்ப்பா."

"விட்டுருவியா?" அப்பா அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா, விட்டுருவானாம்."

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். அடுத்த வருஷம் ஆவணிக்குள் எனக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைக்காவிட்டால், அவர் என்னைப் போலீஸில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னோட்டமாகத்தான் அந்த மார்பளவு. "மூச்சை இழுத்துப் பிடி" என்றார். பிடித்தேன். முப்பத்தோரு அங்குலம். "இன்னும் இழு" என்றார். இருமல் வந்துவிட்டது.

4

எண்ணியதை வரைபடமாகப் போட்டேன். ஞாயிறு, திங்கள் மேடு. செவ்வாய், புதன் பள்ளம். வியாழன் மேடு. வெள்ளி, சனி பள்ளம். நூற்று முப்பது இருந்த இடத்தில் பள்ளமான நாளில் ஐந்து, எட்டு, பதினொன்று. ஒன்பது வாரமும் அச்சு அசலாக அதே கோடு. மேலே செண்பகாதேவிப் பக்கம் ஆள் அதிகம் இறங்காத இன்னொரு குட்டத்திலும் எண்ணியிருந்தேன். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

பேராசிரியர் துள்ளினார். உயிரினங்களுக்குப் பகல் இரவு தெரியும், வளர்பிறை தேய்பிறை தெரியும். ஆனால் ஏழு நாள் கணக்குத் தெரிந்த உயிர் மனிதன் ஒருவன்தான் என்று அதுவரை எண்ணம். இப்போது குற்றாலத்துப் பூச்சிக்கும் தெரிகிறது! கட்டுரையைக் கல்கத்தாச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள், தெரியும். செவ்வாய், வெள்ளி, புதன், சனி. தமிழ்நாட்டில் பிறந்த யாரும் சிரிப்பார்கள். நானும் பேராசிரியரும் தாணுமாலயனும் தமிழ்நாட்டில்தான் பிறந்தோம். மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் விஞ்ஞானத்தை வேறு தேசத்துப் புத்தகத்தில் படித்தவர்கள். அந்தப் புத்தகத்தில் யாரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. இன்னும் கேவலம் ஒன்று சொல்கிறேன்: சனிக்கிழமை மத்தியானம் நானே தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதே குட்டத்தில் முங்கி எழுந்து, தலையைத் துவட்டி, நோட்டை எடுத்து, "சனி: பதினொன்று. காரணம் புலப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். நோட்டில் இன்றைக்கும் எண்ணெய்க் கறை இருக்கிறது.

1936-இல் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியானது. விண்ணப்பித்தவர்களில் தேறக்கூடியவர்கள் இரண்டு பேர், நானும் தாணுமாலயனும். அவன் பாளையங்கோட்டையில் டெமான்ஸ்டிரேட்டர். அதாவது, மாணவர்கள் அறுப்பதற்கு வசதியாகத் தவளையைப் பலகையில் குத்திவைக்கிற வேலை. மண்புழுவைப் பற்றி அடக்கமான இரண்டு கட்டுரைகள் ஏற்கெனவே போட்டிருந்தான். என்னுடையது ஒன்றுதான், ஆனால் உலக அதிசயம். அது அச்சில் வந்தால் வேலை எனக்கு. டாக்டர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

நாங்கள் போட்டியாளர்கள் என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அல்வாப் பொட்டலத்தோடு ரயிலேறி வந்துவிடுவான். சாரலில் நனைந்துகொண்டே, பாறையில் உட்கார்ந்து, அல்வாவில் ஈரம் படாமல் மேல்துண்டால் மூடி மூடித் தின்போம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல அப்புறம் எனக்கு ஒரு கிழமையும் வாய்க்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தான். அவன் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏலே குத்தாலம், எங்கலே ஒன் பள்ளம்? மூணு ஞாயித்துக்கெழம வந்து பாத்தாச்சு. பூச்சி பூராவும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு."

"ஞாயித்துக்கெழம மேடுலே. செவ்வாக்கெழம வந்து பாரு."

"செவ்வாக்கெழம நான் தவளைய குத்திட்டிருப்பேன். அது எப்படிலே, நான் வராத நாளாப் பாத்து ஓடுது, வார நாளாப் பாத்துத் திரும்பி வந்துருது? பூச்சிக்கு எம்மேல அம்புட்டுப் பிரியமா?"

"பொய்யின்னு சொல்லுதியா?"

அவன் அல்வாவை மென்று விழுங்கினான்.

"இது தண்ணியில பொறந்த பூச்சி இல்லலே. நோட்டுல பொறந்த பூச்சி."

[தா: இப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.]

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெயர் முத்துவடிவு. குட்டத்துக்கு வரும் பாதையில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் விற்றாள். வயது என் வயதுதான் இருக்கும். முதல் படியில் அவளுக்கு மூக்குத்தி, கன்னத்தில் குழி, நாலு பாஷை எல்லாம் கொடுத்திருந்தேன். மூக்குத்தி உண்மை. குழியும் பாஷையும் நான் போட்டவை; எடுத்துவிட்டேன். மீதி இருக்கிற முத்துவடிவு நிஜம்.

[தா: நான் ஒரு நாளும் பார்க்காத பெண். கற்பனை.]

(பரிசீலகர் அவர்களே, நீர் வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடை விரித்து எண்ணெய் விற்க அவளுக்கு என்ன கிறுக்கா?)

ஆடி முதல் வாரம், ஒரு புதன்கிழமை. கல்கத்தாவிலிருந்து என் கட்டுரையின் அச்சுப்படி வந்திருந்தது. பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தபால்காரரிடம் வாங்கி, அப்படியே குட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். சாரல் வலுத்தது. முத்துவடிவு தலைக்கு மேல் பிடித்திருந்த சாக்குக்கு ஓரமாக ஒதுங்கிக்கொண்டு படித்தேன்.

"பூச்சி ஐயா, அது என்ன, துண்டு நீளத்துக்குக் காயிதம்?"

"எம்பேரு அச்சுல வந்திருக்கு."

"கேஸா?"

"கேஸ் இல்ல. கண்டுபிடிப்பு. செவ்வா, புதன், வெள்ளி, சனி, இந்த நாலு நாளும் இந்தக் குட்டத்துல பூச்சி இருக்காது. ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்குமா?"

"லண்டன்ல கூடத் தெரியாது."

அவள் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கூடையைப் பார்த்தாள்.

"அப்பம் நான் எதுக்குய்யா அந்த நாலு நாளும் இங்கன கூடையத் தூக்கிட்டு வாரேன்?"

எனக்கு அப்போதும் ஏறவில்லை.

"செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைக எண்ணெ முழுக்கு. புதனும் சனியும் ஆம்பளைக. தண்ணி பூரா படலம் படலமா மினுங்குது. அதுமேல பூச்சி எப்படி நிக்கும், வழுக்கி உழாது? போன சனிக்கெழம ஒங்க தலையில இருந்து வடிஞ்சது எங்கூடையில வாங்கின எண்ணெதான். நல்லா எண்ணுனீகளே, எண்ணெயப் பாக்கலியா?"

அவள் சிரித்த சிரிப்பு பேரருவிச் சத்தத்தை அமுக்கிவிட்டது. [தா: இதை அடிக்கவும்.] அடிக்க மாட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. எனக்காக மட்டும் ஒரு உழக்கு எண்ணெயோடு வந்தாள். "வியாழக்கெழம எண்ணெ வாங்குத மொத ஆளு நீங்கதான்யா" என்றாள். எண்ணினேன்: நூற்று இருபத்தொன்று. குட்டத்தின் ஓரமாக எண்ணெயை ஊற்றினேன். மெல்லிய நிறங்களோடு அது தண்ணீர்மேல் பரவியது. முதலில் ஒரு பூச்சியின் கால் உள்ளே இறங்கியது. தடுமாறியது. பாறையில் தொற்றி ஏறியது. அப்புறம் எல்லாமே ஓட்டம். ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஆறே ஆறு. வியாழக்கிழமை, பூச்சிகளுக்குச் செவ்வாய்க்கிழமையாகிவிட்டது.

குதித்தேன். முத்துவடிவும் சேர்ந்து கைகொட்டினாள். குதித்து முடித்தபின்தான் பையைத் தடவிப் பார்த்தேன். பையில் அந்த அச்சுப்படி இருந்தது. அதில் "காரணம் அறியப்படாத ஏழு நாள் கதி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வேலை.

6

மூன்று நாள் அந்தத் தாள்களைச் சுமந்து திரிந்தேன். கல்கத்தாவுக்குத் தெரியாது, சென்னைக்குத் தெரியாது. தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி எண்ணெய் விற்கிறாள். அவள் சஞ்சிகை படிக்கப்போவதில்லை.

நேர்மை, மனச்சாட்சி என்றெல்லாம் இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்: இனி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முத்துவடிவு முகத்தைப் பார்க்க வேண்டும். "அச்சுல வந்துட்டா பூச்சி ஐயா?" என்று கேட்பாள். இன்னொன்றும் உண்டு. அந்த வியாழக்கிழமை, என் ஒன்பது வாரத்தையும் விட அழகாக இருந்தது.

தென்காசித் தபாலாபீஸுக்கு நடந்தேன். தந்தி குமாஸ்தா பீர் மைதீன், கடையநல்லூர்க்காரர். நான் எழுதிக் கொடுத்ததை வாய்க்குள் வாசித்தார்: "அச்சிட வேண்டாம். பூச்சிகளுக்குக் கிழமை தெரியாது. எண்ணெயே காரணம். கடிதம் பின்னால் வருகிறது." தலையைத் தூக்கி, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, காங்கிரஸ் காரியமா?"

"சேச்சே."

"எண்ணெங்கது யாரு? பூச்சின்னா கலெக்டரா?"

"பூச்சின்னா பூச்சிதான் பாய்."

"செரி, செரி. நான் ஒண்ணும் படிக்கல்ல." கட்டுக்கட்டென்று அடித்து முடித்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். ரொம்ப நாளைக்கு அவர் என்னைத் தேசபக்தன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை.

கட்டுரை சுருங்கி அரைப் பக்கமாக வந்தது. எண்ணெய்ப் படலத்தைக் கண்டு பூச்சி ஓடுகிறது, அவ்வளவுதான். பேராசிரியரிடமிருந்து ஒரே வரியில் கடிதம்: "எண்ணெய்க்காரிக்கு முன்பே தெரிந்த ஒன்றை நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?"

ஆவணியில் நேர்முகத் தேர்வு. எனக்குப் பின்னால் தாணுமாலயன் போனான். அவனிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆள் முதலில் ஒன்று சொல்கிறான், அச்சாகும் நேரத்தில் வேறொன்று சொல்கிறான், உண்மையில் அவன் எதையாவது எண்ணினானா என்று அவர்களுக்குச் சந்தேகம். "மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன், பூச்சிகள் குறைந்து நான் பார்க்கவில்லை" என்றானாம். வேலை அவனுக்குக் கிடைத்தது.

பார்த்ததைச் சொன்னான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு அன்றும் வருத்தம் இல்லை, இன்றும் இல்லை.

(இந்தப் பத்திக்குப் பரிசீலகர் குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. சிவப்பு மையில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது, பேனாவை வைத்துவிட்டு எடுத்ததுபோல.)

7

போலீஸ் என்னை எடுக்கவில்லை. அந்த வகையில் என் மார்பு என்னைக் காப்பாற்றியது. எண்ணெய்ப் படலத்தையே நீட்டி முழக்கி இரண்டு வருஷத்தில் டாக்டர் பட்டம் வாங்கினேன். கல்லூரிகளில் இடமில்லை. மலேரியா இலாகாவில் இருந்தது. கொசுப்புழு உள்ள குட்டைகளில் எண்ணெய் ஊற்றுகிற வேலை! இந்தியாவிலேயே அதற்காக முறைப்படி டாக்டர் பட்டம் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முப்பது வருஷம் ஊற்றினேன். நான் ஊற்றிய எண்ணெயை ஒரே இடத்தில் விட்டிருந்தால் சிற்றாறு கொழகொழவென்று ஓடியிருக்கும். [தா: மூன்றாவது தடவையாக மிகைப்படுத்தல்.]

போகிற ஊரெல்லாம் "டாக்டர் வந்திருக்காக" என்று காய்ச்சல்காரர்களை என்முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் பூச்சி டாக்டர் என்று சொன்னால், "பரவால்ல, பாருங்க" என்று நாக்கை நீட்டுவார்கள். பார்த்தேன். வேறென்ன செய்வது?

சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒன்றே ஒன்று. அந்த அரைப் பக்கம்தான் என் பெயரில் அச்சேறியது. அது பொய் என்று ஒரே ஒரு ஆள் நாற்பத்து நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் எனக்கு யாரோ என்றால் போகட்டும் என்றுவிடலாம். அல்வாவைத் துண்டால் மூடித் தின்ற ஆள்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) குத்தாலிங்கம் கையெழுத்துப் போடுகிறான். வேலை கிடைக்கிறது. பத்து வருஷம் கழித்து, கல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி ஒருத்தி, பழைய சஞ்சிகைத் தாளில் அப்பளம் காயவைக்கும்போது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து...

(ஆ) தேர்வுக்குழு வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. செவ்வாய், புதன், வெள்ளி, சனி குத்தாலிங்கத்துக்கு. மற்ற நாட்கள் தாணுமாலயனுக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி கிடையாது என்பதை அவன் கவனிக்கவில்லை.

(இ) ஒரு செவ்வாய்க்கிழமை, தாணுமாலயன் சொல்லாமல் ரயிலிலிருந்து இறங்குகிறான். குட்டத்துக்கு வருகிறான். எட்டிப் பார்க்கிறான். பிறகு திரும்பி, "ஏலே குத்தாலம்...

இதற்கு மேல் எழுத வரவில்லை. ஏழெட்டுத் தாள் வீணாயிற்று. வாசகரே, உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, கட்டைத் தபாலில் போட்டுவிட்டேன்.

9

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. தபால் திரும்பி வரவில்லை, பரிசீலகரே வந்துவிட்டார். முந்தாநாள் காலை பத்து மணிக்கு, பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு, என் தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. என் மனைவி குழல்வாய்மொழி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை.

"மூணு முடிவும் தப்புவே" என்றான்.

"கதையில என்னவே தப்பு, சரி?"

"மூணாவதுல கெழம தப்பு. நான் செவ்வாக்கெழம வரல்ல."

"தெரியுமே. நீரு வரவே இல்ல. அதான் கற்பனை பண்ணியிருக்கேன்."

"வெள்ளிக்கெழம வந்தேன்."

எனக்குக் காது மந்தம். ஆனால் இது நன்றாகக் கேட்டது.

"நீரு தந்தி அடிச்ச அடுத்த வாரம். நீரு மெட்ராசுல இருந்தீரு. காலேஜுக்குக் காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். பாதையில ஒம்ம எண்ணெக்காரியும் இருந்தா. பொம்பளைக குளிக்கிற எடத்துல என்னலே நிக்கேன்னு ரெண்டு பேரு வைதாளுக. தள்ளிப் போயி உக்காந்திருந்து, எல்லாரும் கரையேறினப்பெறவு எறங்கி எண்ணினேன்."

"எத்தன?"

"நாலு."

உள்ளே குழல்வாய்மொழி பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"கமிட்டியில கேட்டாக. மூணு ஞாயித்துக்கெழம போனேன், கொறையல்லன்னு சொன்னேன். அதுல பொய் உண்டாவே?"

"இல்ல."

"அதையேதான் இம்புட்டு வருசமா எனக்கு நானே சொல்லிட்டிருக்கேன். பொய் இல்ல, பொய் இல்லன்னு. ஞாயித்துக்கெழமையச் சொன்னேன். வெள்ளிக்கெழமைய யாரும் கேக்கல்ல. நீரு பொய்யரா இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும். அதான் பந்தி பந்தியாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீரு என்னடான்னா, வருத்தம் இல்லன்னு எழுதி, திருத்தச் சொல்லி எனக்கே அனுப்புதீரு. அதுல நான் என்னத்தவே திருத்த?"

இந்த நிமிஷத்துக்காக நாற்பத்து நாலு வருஷமாக வசனம் தயாரித்து வைத்திருந்தேன். கேலி பன்னிரண்டு வகை, கோபம் நாலு வகை. அத்தனையும் கிடக்கட்டும் என்று விட்டேன். பேனாவை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? இந்தக் கதைக்கு எப்போதும் ஒரே வாசகன்தான்.

அவன் பேனாவை என் பக்கமே திருப்பித் தள்ளினான்.

"நான் சொல்லுதேன். நீரு எழுதும்."

தாளை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நாலுங்கது ரொம்பச் சப்புன்னு இருக்குவே" என்றேன். "ஒரு பூச்சி கூட இல்லன்னு போட்டுருவோமா? கதைக்கு எடுப்பா இருக்கும்."

"நாலுன்னா நாலு. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். நான் எண்ணினது."

எழுதினேன். அவன் ஒவ்வொரு சொல்லாக, பாடம் நடத்துகிற குரலில் சொன்னான்:

"ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, சாயங்காலம். குட்டத்தில் நான்கு பூச்சிகள். எண்ணியவர் தாணுமாலயன். குத்தாலிங்கம் சொன்னபடியே நடந்தது."